சென்சாரை யார் சோதித்தது

என் உடம்பில் எவ்வளவு சர்க்கரை ஓடுகிறது என்பதில் எனக்கும் என் இடது கையில் ஒட்டியிருந்த ஒரு வெள்ளைப் பொத்தானுக்கும் சண்டை வந்தது. யார்டில் எல்லோரும் பொத்தானின் பக்கம் நின்றார்கள். நான் விடவில்லை.

மணலிப் பக்கம் ஒரு கன்டெய்னர் யார்டில் ஸ்டாக்கர் ஓட்டுகிறவள் நான். துறைமுகத்திலிருந்து டிரெய்லரில் வரும் இரும்புப் பெட்டிகளைத் தூக்கி ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்குகிற வண்டி அது. அதன் நீண்ட கை ஒரு முழுப் பெட்டியைக் கவ்விக்கொண்டு மேலே போகும்போது கீழே மனிதர்கள் நடமாடிக்கொண்டிருப்பார்கள். கேபினில் இருப்பவருக்கு ஒரு நொடி கண் இருட்டினாலும் அன்று யாரோ ஒருவர் வீடு திரும்பமாட்டார். இதை எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. சாத்தாங்காட்டில் ஓர் இரும்புக் கிடங்கில் போர்க்லிஃப்ட் ஓட்டிப் பழகி, லைசென்ஸ் வாங்கி, பொம்பளைக்கு எதற்கு இந்த வேலை என்று கேட்டவர்களையெல்லாம் தாண்டித்தான் அந்த கேபினில் ஏறினேன். ஆபத்து தெரிந்துதான் ஏறினேன்.

சர்க்கரை அதற்கு முன்பே வந்துவிட்டது. கல்லூரியில் சேர்ந்த புதிதில் ஆள் பாதியாக இளைத்து, குடம் குடமாகத் தண்ணீர் குடித்து, ஒருநாள் ராயபுரம் ரயில் நிலையத்துப் படியில் மயங்கி விழுந்தேன். உடம்பில் இன்சுலின் சுரப்பதே நின்றுபோகிற வகை என்றார்கள். மாத்திரை கிடையாது, ஊசிதான், ஆயுசு முழுக்க. அதில் ஒரு சிக்கல் உண்டு. ஊசி கொஞ்சம் கூடினாலோ சாப்பாடு கொஞ்சம் குறைந்தாலோ சர்க்கரை விழுந்துவிடும். வேர்க்கும், கை நடுங்கும், புத்தி மந்தமாகும், அப்படியே விட்டால் நினைவு தப்பும். அதனால் நாளுக்குப் பல தடவை விரலைக் குத்தி மீட்டரில் பார்த்துவிட்டுத்தான் எதையும் செய்வேன். வண்டியில் ஏறும் முன் பார்ப்பேன். இறங்கியதும் பார்ப்பேன். வேலைக்குச் சேரும்போது நடந்த மருத்துவப் பரிசோதனையிலேயே இதை மறைக்காமல் சொன்னேன். அப்போதிருந்த மேலாளர், ஒழுங்காகப் பார்த்துக்கொள் என்பதோடு விட்டார். நானும் ஒழுங்காகவே பார்த்துக்கொண்டேன்.

பிறகு ஒரு கோடையில் வெளி டிரெய்லர் டிரைவர் ஒருவர் வாசலிலேயே வெயிலில் சுருண்டு விழுந்தார். அவருக்குச் சர்க்கரையும் இல்லை, ஒன்றும் இல்லை, வெயில்தான். ஆனால் மேலிடம் பயந்துவிட்டது. புதிதாகப் பாதுகாப்பு அதிகாரி ஒருவரைப் போட்டார்கள். அவர் எல்லா ஆபரேட்டர்களையும் கூப்பிட்டு, யாருக்காவது ஏதாவது வியாதி இருந்தால் இப்போதே சொல்லிவிடுங்கள் என்றார். டீக்கடையில் சர்க்கரை இல்லாத டீ கேட்கிற ஆட்கள் யார் யார் என்று எனக்குத் தெரியும். எல்லோரும் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் மட்டும் கையைத் தூக்கினேன். ஏற்கெனவே சொன்னதைத்தானே திரும்பச் சொல்கிறேன் என்று நினைத்தேன்.

அப்படித்தான் பொத்தான் வந்தது. மேல்கையில் அழுத்தி ஒட்டிவிட்டால் மயிரிழை போல ஒரு கம்பி தோலுக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். ராப்பகலாகச் சர்க்கரையைப் பார்த்து போனுக்கு அனுப்பிக்கொண்டே இருக்கும். குறைந்தால் போன் அலறும். என் போன் மட்டும் அல்ல, பாதுகாப்பு அதிகாரியின் போனும் அலறும்படி வைத்தார்கள். அலறினால் நான் உடனே வண்டியை நிறுத்தி இறங்கிவிட வேண்டும், அன்று முழுக்க ஏறக்கூடாது. இதுதான் விதி.

முதலில் எனக்கு அது பிடித்திருந்தது என்பதைச் சொல்லிவிடுகிறேன். விரல் நுனிகள் காய்த்துப்போயிருந்த எனக்கு, குத்தாமலே எண் தெரிவது வரம்போல இருந்தது. அம்மா அதைத் தொட்டுப் பார்த்து, பொட்டு மாதிரி இருக்கிறதே என்று சிரித்தார்.

கொஞ்ச நாளிலேயே தொல்லை ஆரம்பித்தது. கம்பெனி பஸ்ஸில் யார்டு வாசலில் வந்து இறங்குவேன், போன் அலறும். எனக்கு வேர்க்காது, நடுங்காது, பசிக்கக்கூட செய்யாது. கையைக் கழுவி விரலைக் குத்திப் பார்த்தால் மீட்டரில் சர்க்கரை சரியாக இருக்கும். பொத்தானோ விழுந்துவிட்டது என்று கத்திக்கொண்டிருக்கும். கொஞ்ச நேரத்தில் தானாகவே அடங்கி மீட்டர் சொன்ன எண்ணுக்கே வந்து சேரும். ஆனால் விதி விதிதான். அன்று முழுக்க ஓய்வறையில் உட்கார வேண்டும். இது ஒரு நாள் இரண்டு நாள் அல்ல, வாரத்துக்கு வாரம் நடந்தது.

பாதுகாப்பு அதிகாரியிடம் மீட்டரைக் காட்டினேன். அவர் கெட்ட மனிதர் இல்லை, குரலை உயர்த்தமாட்டார்.

"மீட்டர் உங்க கையில. அது காட்டுற நம்பர் உங்க வாயில. சென்சார் யார் சொல்லியும் கேக்காது. நான் எதைம்மா நம்புறது?" என்றார்.

அதைக் கேட்டுவிட்டு ஓய்வறையில் உட்கார்ந்திருப்பது எனக்குப் பெரிய பேஜாராக இருந்தது. நான் பொய் சொல்லவில்லை, நான் மயங்கவில்லை, ஒரு பெட்டியைக்கூட இடிக்கவில்லை. ஆனாலும் குற்றம் செய்தவள்போல ஒரு மூலையில் இருக்கிறேன். ஒருநாள் இப்போதைய மேலாளரும் பாதுகாப்பு அதிகாரியும் சேர்ந்து கூப்பிட்டார்கள். இனிமேல் வாசல் அறையில் உட்கார்ந்து வருகிற வண்டிகளைப் பதிவு செய்யுங்கள், ஏசி இருக்கிறது, சம்பளத்திலும் பெரிய மாற்றம் இருக்காது, உங்கள் நல்லதுக்குத்தான் என்றார்கள். அந்த "உங்கள் நல்லதுக்குத்தான்" என்ற வார்த்தையில்தான் எனக்குப் பற்றிக்கொண்டது.

"என்னிய சோதிச்சீங்க சார். கண்ணு, காது, ரத்தம் எல்லாத்தையும் சோதிச்சுட்டுத்தான் வண்டில ஏத்தினீங்க. வருசா வருசம் திரும்பச் சோதிக்கிறீங்க. இத்த யாரு சார் சோதிச்சாங்க?" என்று கையில் இருந்த பொத்தானைக் காட்டிக் கேட்டேன்.

தயாரித்தவர்கள் சோதித்துத்தானே விற்பார்கள் என்றார் மேலாளர்.

"எங்கியோ யாரு கைலயோ சோதிச்சிருப்பாங்க. என் கைல யாரு சோதிச்சா?"

அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மறுநாளிலிருந்து வாசல் அறை என்று மட்டும் சொன்னார்கள்.

போனேன். ஆனால் ஆபரேட்டரின் ஆரஞ்சுச் சட்டையும் ஹெல்மெட்டும் இரும்பு முனை வைத்த பூட்ஸும் போட்டுக்கொண்டு போனேன். ஏசி அறையில் அந்த வேஷத்தோடு உட்கார்ந்து வண்டி நம்பர்களைத் தட்டினேன். எதற்கு இதெல்லாம் என்று மேலாளர் கேட்டபோது, என் வேலை அது, இது நடுவில் வந்தது என்றேன். கழற்றச் சொல்லி அவர் வற்புறுத்தவில்லை. யார்டில் சிலர் சிரித்தார்கள். சிரிக்கட்டும்.

நான் வழக்கமாகக் காட்டும் சர்க்கரை மருத்துவரிடம் இதையெல்லாம் கொட்டித் தீர்த்தபோது, அவர்தான் இன்னொரு மருத்துவமனையில் நடக்கிற ஓர் ஆய்வைப் பற்றிச் சொன்னார். இந்த மாதிரி சென்சார்கள் எவ்வளவு சரியாகக் காட்டுகின்றன என்று ரத்தத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கிற ஆய்வு. என்னைப்போல ஊசி போடுகிறவர்களைத் தேடிக்கொண்டிருந்தார்கள். என் கையில் இருந்த அதே வகைப் பொத்தானும் அந்த ஆய்வில் இருந்தது. அன்றே போய் நின்றேன்.

ஆய்வை நடத்தியவர் என் வயதை ஒத்த பெண் மருத்துவர். என் கதையைப் பொறுமையாகக் கேட்டுவிட்டு அவர் முதலில் சொன்னது இதுதான்:

"நீங்க சொல்றது சரின்னு நிரூபிக்க நான் இதைச் செய்யலை. சென்சார் சரின்னு வந்தா அதையும் உங்க முகத்துக்கு நேராச் சொல்லுவேன். சம்மதமா?"

சம்மதம் என்றேன். நான் கேட்ட கேள்விக்கு நியாயமான ஒரே பதில் அப்படித்தான் வர முடியும் என்று தோன்றியது.

ஆய்வுக்கு முன்பே இரண்டு கையிலும் ஒவ்வொரு பொத்தானை ஒட்டிவிட்டார்கள். அவை என்ன காட்டுகின்றன என்று எனக்குத் தெரியாதபடி திரையை மூடி வைத்துவிட்டார்கள். குறித்த நாளில் காலையிலேயே அம்மாவைக் கூட்டிக்கொண்டு போனேன். ஒரு கட்டிலில் உட்காரவைத்து, முழங்கைக்குக் கீழே நரம்பில் ஒரு குழாயைச் செருகினார்கள். கொஞ்ச நேரத்துக்கு ஒருமுறை அதிலிருந்து ரத்தம் எடுத்து, பக்கத்து அறையில் இருந்த ஆய்வகக் கருவியில் போட்டுப் பார்த்தார்கள். அந்தக் கருவி சொல்வதுதான் உண்மை என்று வைத்துக்கொண்டு, பொத்தான் அதற்கு எவ்வளவு கிட்டே வருகிறது, எவ்வளவு விலகுகிறது என்று பார்ப்பார்களாம்.

அம்மா ஜெபமாலையை உருட்டிக்கொண்டே ஒவ்வொரு தடவையும் ரத்தக் குழாயை முறைத்தார். ஒரு கட்டத்தில் தாங்கமாட்டாமல் நர்ஸிடம், "இத்தினி எடுத்துகினே போனா அவளுக்கு இன்னாம்மா மிச்சம் கீதும்?" என்று கேட்டுவிட்டார். நர்ஸ் சிரித்துக்கொண்டே, எல்லாம் சேர்த்தால்கூட ஒரு டம்ளர் வராது என்று சமாதானம் சொன்னார்.

முதலில் இட்லி கொடுத்துச் சர்க்கரையை ஏறவிட்டார்கள். பிறகு இடது பக்கம் ஒருக்களித்து, அந்தக் கை உடம்புக்கு அடியில் இருக்கும்படி கொஞ்ச நேரம் படுக்கச் சொன்னார்கள். அது எதற்கு என்று அப்போது எனக்குப் புரியவில்லை. படுத்தேன், கண்ணயர்ந்தும்விட்டேன். அதற்குப் பிறகுதான் கஷ்டமான பகுதி. இன்சுலின் கொடுத்துச் சர்க்கரையை வேண்டுமென்றே இறக்கினார்கள். மருத்துவர் கட்டிலை விட்டு நகராமல் நின்றார். மெல்ல வேர்த்தது. உதடு மரத்தது. அம்மா என்னவோ கேட்டார், பதில் சொல்ல நாக்கு புரளவில்லை. எப்படியோ நாக்கைப் புரட்டி, பொத்தான் என்ன காட்டுகிறது என்று நர்ஸிடம் கேட்டேன். சொல்லக்கூடாது என்றார் நர்ஸ். அந்த நிலையில் எனக்கு வந்த கோபம் இருக்கிறதே, குழாயைப் பிடுங்கி எறிந்துவிட்டு எழுந்து போகலாமா என்று வந்தது. போகவில்லை. இதற்காகத்தானே வந்தேன். குறித்த அளவுக்கு இறங்கியதும் உடனே குளுக்கோஸ் ஏற்றினார்கள். கொஞ்ச நேரத்தில் அம்மாவின் முகம் மறுபடி தெளிவாகத் தெரிந்தது. அம்மா அழுதுகொண்டிருந்தார். எதற்கு அழுகிறாய் என்றேன். "நீ தெனிக்கும் இப்டி ஆவுறியா?" என்று கேட்டார். இத்தனை வருடம் கூட இருந்தும் அன்றுதான் அவர் அதை இவ்வளவு அருகிலிருந்து பார்த்தார்.

ஆய்வில் கலந்துகொண்ட மற்றவர்களுடையதும் முடிந்த பிறகு அந்த மருத்துவர் கூப்பிட்டு அனுப்பினார். கணினியில் என் கோடுகளைக் காட்டினார். ரத்தத்துக்கு ஒரு கோடு, இரண்டு பொத்தான்களுக்கும் ஒவ்வொரு கோடு.

இடது பக்கம் படுத்திருந்த நேரத்தில் இடது கைப் பொத்தானின் கோடு மட்டும் தடாலென்று கீழே விழுந்திருந்தது. ரத்தக் கோடும் வலது கைக் கோடும் ஆடாமல் அசையாமல் மேலேயே இருந்தன. கை நசுங்கினால் அந்த இடத்தில் ரத்த ஓட்டம் குறையும், பொத்தானுக்குச் சர்க்கரை விழுந்ததுபோலத் தெரியும் என்றார். வேலைக்கு எப்படிப் போகிறீர்கள் என்று கேட்டார். கம்பெனி பஸ்ஸில் என்றேன். எண்ணூர் நெடுஞ்சாலையில் டேங்கர்களுக்கும் டிரெய்லர்களுக்கும் நடுவே ஊர்ந்து போகிற பஸ்ஸில், இடது ஜன்னல் ஓரம் உட்கார்ந்து, இடது கையைக் கம்பியில் அழுத்திச் சாய்ந்து தூங்கிக்கொண்டுதான் தினமும் போகிறேன். சொல்லும்போதே எனக்கு விளங்கிவிட்டது. நாற்காலியில் இருந்து எழுந்து நின்றுவிட்டேன். வாசலில் இறங்கியதும் அலறியதெல்லாம் அதுதான். நான் பொய் சொல்லவில்லை. என் மீட்டரும் பொய் சொல்லவில்லை.

"உட்காருங்க, இன்னும் இருக்கு" என்றார் மருத்துவர்.

சர்க்கரையை இறக்கிய நேரத்துக் கோட்டைக் காட்டினார். ரத்தக் கோடு முதலில் இறங்கியிருந்தது. பொத்தான்கள் இரண்டும் பின்னாலேயே, தாமதமாக வந்தன. என் உதடு மரத்துப்போன நேரத்தில், ரத்தத்தில் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு விழுந்திருந்த அந்த நேரத்தில், பொத்தான் எல்லாம் நலம் என்று காட்டிக்கொண்டிருந்தது.

"ரத்தத்துல நடக்கிறது தோலுக்கு அடியில இருக்கிற நீருக்குப் போய்ச் சேர நேரம் ஆகும். சென்சார் பாக்கிறது அந்த நீரைத்தான். நிதானமா போற நேரத்துல நல்லாவே காட்டுது, உங்களுக்கும் மத்தவங்களுக்கும். வேகமா இறங்கும்போது பின்தங்குது. இது நல்ல கருவி. தூக்கிப் போட்டுடாதீங்க. ஆனா இதை மட்டுமே நம்பி முடிவெடுக்கிறது யாரா இருந்தாலும் தப்பு" என்றார்.

நான் கேட்டுப் போனது எனக்குச் சாதகமான பாதிப் பதில். கிடைத்தது முழுப் பதில். பஸ்ஸில் திரும்பி வரும்போது சந்தோஷப்படுவதா பயப்படுவதா என்று தெரியவில்லை. இல்லாத ஆபத்துக்கு அலறுகிற இந்தப் பொத்தான், இருக்கிற ஆபத்துக்கு வாய் மூடிக்கொண்டும் இருக்கலாம். பெட்டி மேலே இருக்கும்போது அப்படி ஆனால்?

யார்டில் எனக்கு நெருக்கமானவர் ஒரு பாய். பழைய வண்ணாரப்பேட்டைக்காரர், என்னைவிட மூத்த ஆபரேட்டர். புதிதாகச் சேர்ந்தபோது என்னைக் கிண்டல் செய்யாத ஒரே ஆள். அவருக்கும் சர்க்கரை உண்டு, மாத்திரை போடுகிறார் என்று எனக்கு மட்டும் தெரியும். மருத்துவர் சொன்னதையெல்லாம் அவரிடம் சொன்னேன். டீயை ஆற்றிக்கொண்டே கேட்டார்.

"பஸ்ஸு மேட்டரை மட்டும் சொல்லும்மே. அத்தோட நிறுத்திக்கோ. இன்னொண்ணை நீயா எதுக்குச் சொல்ற? உனக்கு வண்டி வேணுமா வேணாவா?" என்றார்.

வண்டி வேண்டும்தான் என்றேன்.

"அப்ப வாய மூடிகினு கீறது. நீ எல்லாத்தையும் பேசினா நாளைக்கு எங்க கைலயும் ஒட்டுவானுங்கோ. அலறினா எங்களுக்கும் வாசல் ரூம்தான்."

அவர் சொன்னதில் அக்கறையும் இருந்தது, பயமும் இருந்தது. எனக்குக் கோபம் வந்தது, அவர்மேல் அல்ல. இத்தனை ஆண்கள், இத்தனை வருட அனுபவம், எல்லோரும் மாத்திரையைச் சட்டைப்பைக்குள் ஒளித்துக்கொண்டு இரும்புப் பெட்டிகளைத் தூக்கிக்கொண்டிருக்கிறார்கள். ஒருத்தி உண்மையைச் சொன்னாள், அவளை ஓரமாக உட்காரவைத்தார்கள், அதைப் பார்த்து மற்றவர்கள் இன்னும் நன்றாக ஒளிக்கக் கற்றுக்கொண்டார்கள். இதற்குப் பெயர் பாதுகாப்பாம்.

மேலாளர் அறையில் கூட்டம் நடந்தது. ஆய்வு நடத்திய மருத்துவர் போனில் ஸ்பீக்கரில் வந்தார். கை நசுங்கினால் என்ன ஆகும் என்று விளக்கினார். உடம்பு சொல்வதும் எண்ணும் ஒத்துப்போகாவிட்டால் விரலைக் குத்திப் பாருங்கள் என்று தயாரித்தவர்களே சொல்லியிருக்கிறார்கள் என்றார். மேலாளர் முகம் இளகியது. அப்படியே விட்டிருந்தால் அன்றே வண்டி எனக்குத் திரும்பக் கிடைத்திருக்கலாம். நான் வாய் திறந்தேன்.

"சார், இது சும்மா அலறுதுன்னு சொல்லத்தான் போனேன். இப்ப இன்னொண்ணும் சொல்றேன். அலற வேண்டிய நேரத்துல அலறாமவும் இருக்கும். இத்த மட்டும் நம்பினா ஒருநாள் என்னை இறக்க வேண்டிய நேரத்துல மேலயே விட்டுருவீங்க."

மேலாளர், அப்படியானால் நீங்கள் வண்டியில் ஏறாமல் இருப்பதுதானே இன்னும் நல்லது என்றார். இதைத்தான் சொல்வார் என்று எனக்குத் தெரியும். பாய் சொன்னதும் அதுதான்.

நான் என்ன வேண்டும் என்பதைச் சொன்னேன். ஏறும் முன் முதலுதவி அறையில், அங்கே இருக்கிற நர்ஸ் சிஸ்டர் கண்ணெதிரில் விரலைக் குத்திப் பார்க்கிறேன். வேலைக்கு நடுவிலும் பார்க்கிறேன். பொத்தான் அலறினால் இறங்குகிறேன், குத்திப் பார்த்து உண்மையாகவே விழுந்திருந்தால் சாப்பிட்டுத் தேறும்வரை ஏறமாட்டேன், விழவில்லை என்றால் ஏறுவேன். பொத்தான் ஒன்றும் சொல்லாமல் இருந்து எனக்கு உடம்பு சரியில்லை என்று தோன்றினாலும் இறங்குவேன், அப்போது ஏன் இறங்கினாய் என்று யாரும் கேட்கக்கூடாது.

பாதுகாப்பு அதிகாரி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். முன்பு வேலை பார்த்த இடத்தில் ஒரு மனிதரைப் பெட்டிக்கு அடியிலிருந்து எடுத்தேன், இன்னும் அந்த முகம் மறக்கவில்லை என்றார். அதனால்தான் சார் முழுதாகச் சொல்கிறேன் என்றேன். பாதி சொல்கிற ஆபரேட்டர் வேண்டுமா, முழுதாகச் சொல்கிற ஆபரேட்டர் வேண்டுமா என்று கேட்டேன். யோசித்துச் சொல்கிறோம் என்றார்கள்.

யோசித்தார்கள், யோசித்துக்கொண்டே இருந்தார்கள். நான் ஹெல்மெட்டோடு வாசல் அறையில் இருந்தேன். ரம்ஜான் நோன்பு மாதம் வந்தது. பாயும் நோன்பு பிடித்தார்.

ஒரு பிற்பகல். வாசல் அறைக் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். பாய் ஓட்டிக்கொண்டிருந்த வண்டி ஒரு பெட்டியைக் கீழே வைத்தது, கையை முழுதாக உள்ளே இழுத்துக்கொண்டது, அப்படியே நின்றுவிட்டது. பாய் ஏணியைப் பிடித்துப் பிடித்து இறங்கினார். சட்டை நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது. நான் ஓடினேன். என்னைத் தள்ளிவிட்டு நேராக முதலுதவி அறைக்குப் போய், சிஸ்டர் முன் விரலை நீட்டினார். அந்த அறை வாசலில் பாதுகாப்பு அதிகாரியும் வந்து நின்றார்.

மீட்டரில் சர்க்கரை விழுந்திருந்தது. சிஸ்டர் குளுக்கோஸ் கரைத்து நீட்டினார். பாய் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் குடிக்காமல் இருந்தார். குடிங்க பாய், உடம்பு சரியில்லாதவர்களுக்கு விலக்கு இருக்கிறதே என்றேன். எனக்குத் தெரியும்மே என்று முனகினார். பிறகு குடித்தார். வாயைத் துடைத்துக்கொண்டு, பாதுகாப்பு அதிகாரியை நிமிர்ந்து பார்த்தார்.

"எனக்கும் சுகரு கீது சார். ரொம்ப வருசமா. அல்லாவுக்கு முன்னாடியே தெரியும். உங்களுக்கு இப்பதான் தெரியுது."

அதிகாரி ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தார். பாய் என் பக்கம் திரும்பி, எல்லாம் உன்னால்தான் என்று திட்டினார். முன்பெல்லாம் இப்படி ஆனால் ஒரு மிட்டாயை வாயில் போட்டுக்கொண்டு ஓட்டியிருப்பேன், இன்று நீ சொன்னதெல்லாம் காதில் கேட்டுக்கொண்டே இருந்தது, ஓட்ட முடியவில்லை என்றார். திட்டு வாங்கி அவ்வளவு நிம்மதியாக நான் இருந்ததே இல்லை.

மறுநாள் காலையில் இன்னும் இரண்டு பேர் முதலுதவி அறைக்கு வந்து விரலை நீட்டினார்கள். அதற்குப் பிறகு இன்னும் சிலர். கூரையைப் பார்த்துக்கொண்டிருந்த அதே ஆட்கள். சிஸ்டரிடம் இருந்த, மீட்டரில் செருகுகிற ஸ்ட்ரிப் தீர்ந்துபோய் வெளியில் ஆள் அனுப்பி வாங்கினார்கள். மேலாளருக்கு இப்போது வேறு கணக்கு. இத்தனை பேரையும் வாசல் அறையில் உட்காரவைக்க அங்கே நாற்காலி கிடையாது, யார்டில் வண்டி ஓட்ட ஆளும் கிடையாது.

அந்த மாதம் முடிவதற்குள் புதிய விதி வந்தது. நான் அன்று கூட்டத்தில் சொன்னதேதான், வார்த்தைகள் மட்டும் ஆங்கிலத்தில் இருந்தன. சர்க்கரை இருக்கிற எல்லோருக்கும் பொதுவாக வைத்தார்கள். பொத்தான் வேண்டுமா வேண்டாமா என்பது அவரவர் மருத்துவர் முடிவு. உடம்பு சரியில்லை என்று சொல்லி இறங்குகிறவரைக் கேள்வி கேட்கக்கூடாது என்பதும் அதில் இருந்தது. யார் கேட்டு வந்தது என்று அதில் போடவில்லை. அதனால் எனக்கு ஒன்றும் குறைந்துவிடவில்லை.

வண்டி எனக்குத் திரும்பக் கிடைத்தது. பஸ்ஸில் நடு இருக்கைக்கு மாறிக்கொண்டேன். தூங்கி விழுந்தால் பக்கத்தில் இருப்பவர் மேல்தான் விழுகிறேன், அவர் கூச்சல் போடுகிறார், பொத்தான் போடுவதில்லை. நானும் பொத்தானும் இப்போது எதிரிகள் இல்லை. அது சொல்வதைக் கேட்டுக்கொள்கிறேன். சந்தேகம் வந்தால் கேள்வி கேட்கிறேன். என்னிடமும் அதுபோலவே கேள்வி கேட்கட்டும் என்று விரலை நீட்டுகிறேன்.

திரும்ப வண்டி ஏறிய முதல் வாரத்திலேயே ஒருநாள் மதியம் போன் அலறியது. எனக்கு ஒன்றும் தெரியவில்லை, உடம்பு கல்லுபோல இருந்தது. இதுவும் சும்மா அலறல்தான் என்று மனம் சொன்னது. பெட்டியை இறக்கி வைத்தேன், வண்டியை அணைத்தேன், இறங்கி நடந்தேன். பின்னால் காத்திருந்த டிரெய்லர் டிரைவர்கள் ஹார்னை அழுத்திப் பிடித்தார்கள். ஒருவர் தலையை நீட்டி, சாப்பாட்டு நேரமா என்று கத்தினார்.

சிஸ்டர் குத்திப் பார்த்தார். பொத்தான் சொன்னது சரி. என் உடம்புதான் அன்று என்னை ஏமாற்றியது.

ஜூஸைக் குடித்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தேன். வெளியே ஹார்ன் சத்தம் நிற்கவில்லை. பாதுகாப்பு அதிகாரி எட்டிப் பார்த்தார், அவசரமில்லை என்று சைகை காட்டிவிட்டு, அந்த டிரைவர்களை நோக்கிப் போனார். நான் மீட்டர் சரியான எண்ணைக் காட்டும்வரை உட்கார்ந்திருந்தேன். பிறகும் கொஞ்சம் உட்கார்ந்திருந்தேன். எழுந்து, எல்லோரும் பார்க்க நடுப்பாதையில் நடந்துபோய், ஏணியில் ஏறி, வண்டியைக் கிளப்பினேன்.